போதும் என்று யார் சொல்வது?

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் குழந்தைப் பருமனைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது கோபம்தான். “எங்கட புள்ளையளுக்கு நிறையே காணாது, நீங்க கொழுப்பப் பற்றிக் கதைக்கிறீங்க.” அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. 2016ஆம் ஆண்டின் இலங்கைக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 பேர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள். நிறை மிஞ்சியவர்கள் 2 பேர்தான். ஆனால் அதே நாட்டில் 2018–19இல் நடந்த ஆய்வொன்று, வளர்ந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. மெலிந்த பிள்ளைகள் வளர்ந்து சீனி வருத்தக்காரர் ஆகிறார்கள் என்றால், இடையில் எங்கோ ஒரு கணக்குப் பிழைத்திருக்கிறது.

அந்தக் கணக்கின் முதல் வரி பிள்ளையின் முதல் ஆண்டில் எழுதப்படுகிறது என்பதால், இரண்டு பிள்ளைகளை அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஒன்று தாயின் மார்பில் குடித்து, ஆறு மாதத்துக்குப் பின் வீட்டுச் சோறும் மீனும் மசித்து உண்ணும் பிள்ளை. மற்றது சூப்பிப் போத்தலில் குடித்து, பின்பு பிஸ்கட்டுக்கும் பால்மாவுக்கும் பழகும் பிள்ளை. இருவரும் ஒரே ஒழுங்கையில், ஏன், ஒரே வளவில்கூட இருக்கலாம்.

பெரியவர்களின் ஆற்றல் கணக்கு எளிது: உண்டதில் செலவழிந்தது போக மிஞ்சினால் உடம்பில் ஏறும். பச்சைப்பிள்ளையின் கணக்கில் வளர்ச்சி என்றொரு பெரிய செலவு கூடுதலாக இருக்கிறது. உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டாக வெளியிட்ட கணிப்பின்படி, முதல் மாதத்தில் பிள்ளைக்குத் தேவையான ஆற்றலில் ஏறத்தாழ 35 வீதம் வளர்வதற்கே போகிறது. பன்னிரண்டாம் மாதத்தில் அது 3 வீதமாகச் சுருங்கிவிடுகிறது. முதல் மூன்று மாதம் மளமளவென்று ஏறும் பிள்ளை அதற்குப் பிறகு நிதானப்படுவது இதனால்தான். அந்த நிதானத்தைப் பார்த்துப் பயந்து ஊட்டத் தொடங்குகிற வீடுகளில்தான் கதை மாறுகிறது.

முதலில் மார்பில் குடிக்கும் பிள்ளையைப் பார்ப்போம். தாய்ப்பால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே பால் அல்ல. குடித்துக்கொண்டே போகப்போக அதில் கொழுப்புக் கூடுகிறது. வயிறு நிறைகிற நேரத்தில் தடித்த பால் வருகிறது, பிள்ளை வாயைத் தளர்த்துகிறது, முகத்தைத் திருப்புகிறது, தூங்கிப்போகிறது. பசியையும் நிறைவையும் மூளைக்குச் சொல்லும் லெப்டின் போன்ற சுரப்புகளும் அந்தப் பாலிலேயே இருக்கின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமானது, எத்தனை மில்லிலீற்றர் போனதென்று தாய்க்குத் தெரியாது. தெரியாததால் கட்டாயப்படுத்தவும் முடியாது. போதும் என்று சொல்கிற அதிகாரம் பிள்ளையிடமே இருக்கிறது.

போத்தலில் அந்த அதிகாரம் கைமாறிவிடுகிறது. கண்ணாடியில் கோடுகள் இருக்கின்றன. 120 கரைத்தால் 120உம் போக வேண்டும்; மிஞ்சினால் விலை கொடுத்து வாங்கிய மா வீண். கன்னத்தைத் தட்டி, சூப்பியை மெல்ல ஆட்டி, அடியில் கிடக்கும் கடைசி விரற்கடையையும் உள்ளே அனுப்பிவிடுகிறோம். அமெரிக்காவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வு இதன் விளைவைக் காட்டியது. பிறந்த முதல் மாதங்களில் மார்பில் மட்டும் குடித்த பிள்ளைகளில் 27 வீதமானவர்களே பின்னாளில் கொடுத்த போத்தலையோ கோப்பையையோ காலி செய்தார்கள். இரண்டிலும் குடித்தவர்களில் 54 வீதம். போத்தலில் மட்டும் குடித்தவர்களில் 68 வீதம். தாய்ப்பாலையே பிழிந்து போத்தலில் கொடுத்தாலும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்வதை அந்த ஆய்வு சுட்டியது. ஆகவே பாலின் சத்தைப் போலவே, அது போகிற வழியும் கணக்கில் சேர்கிறது.

கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் 1980களின் பிற்பகுதியில் நடந்த ஆய்வு இன்னும் நெருக்கமாகப் பார்த்தது. முதல் பிறந்தநாளில் தாய்ப்பால் பிள்ளைகள் பால்மாப் பிள்ளைகளைவிட 600 கிராமுக்கு மேல் குறைந்த நிறையோடு இருந்தார்கள். நீளத்தில் வித்தியாசம் இல்லை. வளர்ச்சிப் படிகளில் பின்னடைவும் இல்லை. தாய்மாரிடம் பால் இல்லாததால் வந்த குறைவும் அல்ல. பிள்ளைகள் தாங்களே குறைவாகக் குடித்தார்கள், அது அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

அந்த 600 கிராம்தான் எங்கள் ஊர்களில் எத்தனையோ பிள்ளைகளைப் போத்தலுக்குத் தள்ளியிருக்கிறது. நெடுங்காலம் உலகம் முழுவதும் பாவித்த வளர்ச்சி வரைபின் குழந்தைப்பருவப் பகுதி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பெரும்பாலும் பால்மா குடித்து வளர்ந்த பிள்ளைகளின் நிறையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் தாய்ப்பால் பிள்ளையை வைத்தால், நாலாம் மாதத்துக்குப் பிறகு அது பின்தங்குவதுபோலத் தெரியும். 2006இல்தான் உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்த பிள்ளைகளை அளந்து புதிய வரைபை வெளியிட்டது. இன்று இலங்கைப் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் பச்சைப் பட்டையும் செம்மஞ்சள் பட்டையுமாக இருப்பது அந்தப் புதிய வரைபுதான். வரைபு மாறிவிட்டது. அம்மம்மாவின் கண் மாறவில்லை.

இதை எந்தக் கிளினிக்கிலும் காணலாம். நாலரை மாதப் பிள்ளையைத் தராசில் வைக்கிறார்கள். புள்ளி பச்சைக்குள்தான் விழுகிறது. போன மாதத்தைவிட ஏற்றம் குறைவு, அவ்வளவுதான்.

“புள்ள மெலிஞ்சுபோச்சு மிஸ். தாய்க்குப் பால் காணாது. ஒரு போத்தல் கரைச்சுக் குடுப்பமா?”

“கோடு பச்சைக்குள்ள போகுது அம்மா. ஒரு நாளைக்கு எத்தின தரம் மூத்திரம் போறான்?”

“அது போறான், ஏழெட்டுத் தரம்.”

“அப்ப பால் காணும். நீளத்தையும் ஒருக்கா அளப்பம், இருங்க.”

நீளத்தையும் அளப்போம் என்ற அந்தச் சொல்லில் எவ்வளவோ தங்கியிருக்கிறது. நீளம் ஒழுங்காகக் கூடிக்கொண்டிருக்க நிறை மட்டும் நிதானப்பட்டால் பிள்ளை நன்றாக வளர்கிறது. நீளம் நின்றுபோய் நிறை மட்டும் ஏறினால் வளர்ச்சி என்று எண்ணி மகிழ ஒன்றுமில்லை, ஏறுவது கொழுப்பு. நிறைத் தராசு மட்டும் பேசினால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது.

அம்மம்மா என்று சொன்னதும் ஒரு காரணத்தோடுதான். கிழக்கில் தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் கலியாணம் முடித்த மகள் தாய்வீட்டோடு, அல்லது தாய் கொடுத்த வீட்டில் இருப்பதே வழமை. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா வறையும் முருங்கை இலையும் உள்ளியும் சமைத்துக் கொடுத்துப் பால் சுரக்க வைப்பவர் அம்மம்மா. போத்தலை முதலில் கையில் எடுப்பவரும் பெரும்பாலும் அவரே. பசியைக் கண்ட தலைமுறை அது. கொழுத்த பிள்ளை என்றால் அவர்களுக்கு வெள்ளத்தையும் வாந்திபேதியையும் தாண்டிப் பிழைத்துக்கொள்ளும் பிள்ளை. அந்த அறிவை ஏளனம் செய்துகொண்டு எந்தச் சுகாதாரக் கல்வியும் வீட்டுக்குள் நுழைய முடியாது.

இலங்கை இந்த விடயத்தில் தாழ்ந்த நாடு அல்ல. பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேசக் கோவை 1981இல் வந்தது. இலங்கை தன் சொந்தக் கோவையை 1983இலேயே கொண்டுவந்துவிட்டது. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானவர்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்படுவதாக 2016 அளவீடு சொன்னது. தாய்ப்பால் கொள்கைகளை நாடுவாரியாக மதிப்பிடும் உலகளாவிய தரப்படுத்தலில் 2020இல் முதன்முதலாகப் பச்சை நிறம் பெற்ற நாடும் இதுவே. இவ்வளவுக்கும் அடியில் வீடுவீடாகப் போகும் குடும்பநல மாதுவின் கால்கள் இருக்கின்றன. ஆனால் ஆறாம் மாதத்துக்குப் பிறகு என்ன கொடுக்கிறோம், எப்படிக் கொடுக்கிறோம் என்பதில் இந்தப் பெருமை நமக்குக் கைகொடுப்பதில்லை.

பால்மா டின்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெலிவும் பருமனும் ஒரே டின்னிலிருந்து வர முடியும். 2022இல் பால்மா விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, இரண்டு கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டு நாலு நாள் கூடுதலாக ஓட்டுவது ஏழைத் தாய்க்கு இருந்த ஒரே வழி. வயிறு நிறையும், ஆற்றல் பாதிதான். மாரி வெள்ளத்தில் கிணறும் மலசலகூடக் குழியும் ஒன்றாகிற வாவிக்கரைத் தாழ்நிலங்களில் அந்தப் போத்தலோடு வயிற்றோட்டமும் வரும். வசதியுள்ள வீட்டில் இதன் மறுபக்கம் நடக்கிறது: மட்டமாக வழிக்க வேண்டிய கரண்டியைக் குவித்துப் போடுகிறார்கள், “தடிப்பாக் குடிச்சாத்தான் இரவில் தூங்குவான்” என்கிறார்கள். அந்தத் தூக்கத்துக்குப் பிள்ளை கொடுக்கும் விலை அப்போது கண்ணில் படாது. குழந்தைகளுக்கென்று செய்த மாவுக்குப் பதிலாக, வீட்டில் தேத்தண்ணீருக்கு வைத்திருக்கும் முழு ஆடைப் பால்மாவையே கரைத்துக் கொடுக்கும் வழக்கம் எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது. அது பசும்பாலின் மா; பசும்பாலில் தாய்ப்பாலைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு புரதம் இருக்கிறது.

புரதம் நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். பெல்ஜியம், ஜெர்மனி, இத்தாலி, போலந்து, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளில் 2002இல் தொடங்கிய ஓர் ஆய்வு இதற்கு விடை தேடியது. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குப் புரதம் கூடிய பால்மா, மறுபகுதிக்குப் புரதம் குறைந்தது. இரண்டும் அன்றைய சட்டம் அனுமதித்த அளவுக்குள்ளேயே. இரண்டு வயதில் நீளத்தில் வித்தியாசமில்லை, நிறையில் இருந்தது. ஆறு வயதில், புரதம் கூடிய பால் குடித்தவர்கள் பருமனாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. மிஞ்சிய பாற்புரதம் இன்சுலினையும் அதன் உறவுச் சுரப்புகளையும் தூண்டி, உயரத்தைக் கூட்டாமல் கொழுப்பணுக்களை மட்டும் பெருக்குகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இதெல்லாம் ஐரோப்பியப் பிள்ளைகளின் கதை. நம் பிள்ளைகளின் தொடக்கமே வேறு. பூனே நகரைச் சூழ்ந்த கிராமங்களில் மருத்துவர் யாஜ்னிக்கின் குழு 1990களில் தொடங்கிய ஆய்வு, அங்கு பிறந்த பிள்ளைகளை இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் பிறந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டது. பூனேப் பிள்ளையின் சராசரிப் பிறப்பு நிறை 2.7 கிலோ, சவுத்ஹாம்ப்டன் பிள்ளையின் நிறை 3.5 கிலோ. தசையும் உள்ளுறுப்புகளும் பூனேப் பிள்ளைகளுக்கு மிகக் குறைவு. ஆனால் முதுகுத்தோலுக்கு அடியிலிருந்த கொழுப்பு மட்டும் அந்தளவுக்குக் குறையவில்லை. மெலிந்து பிறந்தும் கொழுப்பைக் கைவிடாத உடம்பு. இலங்கையிலும் நூற்றுக்குப் பதினைந்து பதினாறு பிள்ளைகள் 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கிறார்கள். அப்படிப் பிறந்த பிள்ளையை ஆறு மாதத்தில் கொழுகொழுவென்று ஆக்கிக் காட்டும்போது, தசையில்லாத உடம்பின்மேல் கொழுப்பைச் சுமத்துகிறோம்.

மட்டக்களப்பில் இதற்கு ஒரு தனிப் பாரம் உண்டு. இன்று இருபது வயதைத் தாண்டி முதற்பிள்ளை பெறும் பெண், 2004 டிசம்பர் சுனாமியைச் சுற்றிய மாதங்களில் கைக்குழந்தையாக இருந்தவள். 2006, 2007இல் வாகரையிலிருந்தும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்து முகாம்களில் கிடந்த காலத்தில் சிறு பிள்ளையாக இருந்தவள். பசித்த குழந்தைப்பருவத்தின் சுவடு ஒருவரோடு நின்றுவிடுவதில்லை. குள்ளமாக வளர்ந்த தாய்க்குச் சிறிய பிள்ளை பிறக்கும் வாய்ப்பு அதிகம். 2005–06இல் நாட்டின் நீரிழிவு நிலையை அளந்த பெரிய ஆய்வு போரின் காரணமாக வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டுத்தான் நடந்தது என்பதையும் சேர்த்து நினைக்கிறேன். அப்போது எண்ணப்படாத இடத்துப் பிள்ளைகளின் பிள்ளைகளைப் பற்றித்தான் இப்போது பேசுகிறோம்.

சிறியதாய்ப் பிறந்த பிள்ளை வளரக்கூடாது என்று யாரும் இதை வாசித்துவிடக்கூடாது. அந்தப் பிள்ளைக்குத் தாய்ப்பால் அடிக்கடி வேண்டும். மாதாமாதம் நிறை ஏற வேண்டும். ஏறாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். ஊட்டாமல் விடுவது பருமனைவிடப் பெரிய ஆபத்து. நான் கேட்பது, நிறையோடு நீளமும் தசையும் சேர்ந்து வளரும் வழியைத்தான்.

தாய்ப்பால் கொடுத்தாலே பருமன் வராது என்றும் சொல்ல முடியாது. பெலாருஸ் நாட்டில் 31 மகப்பேற்று மருத்துவமனைகளில் 17,000க்கு மேற்பட்ட தாய்சேய் இணைகளோடு நடந்த பெரும் பரிசோதனையில், தாய்ப்பாலுக்கு ஊக்கம் கிடைத்த பகுதியில் மூன்றாம் மாதத்தில் தாய்ப்பாலை மட்டுமே குடித்தவர்கள் 43 வீதம், மற்றப் பகுதியில் 6 வீதம். வயிற்றோட்டம் முதலியன குறைந்தன. ஆனால் ஆறரை வயதிலும் பதினொன்றரை வயதிலும் பருமனில் குறைவு தெரியவில்லை. தாய்ப்பாலை நேசிக்கிறவர்கள் இந்த ஆய்வை மறைத்துப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 279 தாய்மாரோடு நடந்த இன்னொரு சோதனை வேறொரு பக்கம் கைகாட்டுகிறது: பசி எது, தூக்கம் எது, சும்மா அழுகை எது என்று அடையாளம் காணவும், நிறைவின் அடையாளம் தெரிந்ததும் நிறுத்தவும் தாய்மாருக்குப் பழக்கியபோது, மூன்று வயதில் பிள்ளைகளின் உடல்நிறைச் சுட்டெண் மற்றப் பகுதியைவிடக் குறைந்திருந்தது. மார்போ போத்தலோ, பிள்ளை போதும் என்று சொல்வதைக் கேட்கிற வீடு வேண்டும்.

ஆறாம் மாதம் பிறந்ததும் நம் இரண்டு பிள்ளைகளும் இன்னும் விலகிப்போகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு ஆறு முதல் எட்டு மாதத்தில் வெளி உணவிலிருந்து தேவைப்படுவது நாளொன்றுக்கு 200 கிலோகலோரிதான். ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் 300. ஒரு வயதுக்குப் பின் 550. இருநூறு என்பது ஒரு சின்னக் கிண்ணத்தை இரண்டு மூன்று தரம் நிரப்பும் அளவு. அந்தச் சிறிய இடத்துக்குள் இரும்புச்சத்தும் நாகமும் நல்ல கொழுப்பும் வந்தாக வேண்டும்.

வாவிக்கரை வீட்டில் அதற்கு வழி இருக்கிறது. குழைய வேகவைத்த சோறு, ஒரு கரண்டி பருப்பு, காரம் போடாமல் அவித்த மீனில் விரலால் தொட்டுத்தொட்டு முள்ளெடுத்த சதை, பசும் கீரை கொஞ்சம், மேலே தேங்காய்ப்பால் ஒரு தேக்கரண்டி. எல்லாவற்றையும் கையால் மசித்தால் கரண்டியைச் சரித்தாலும் விழாத பதம் வரும். தண்ணீராக ஓடும் கஞ்சி வயிற்றை நிரப்பும், ஆற்றல் தராது. மீனின் புரதத்துக்குப் பயப்படவும் வேண்டாம். பருமனோடு ஆய்வுகள் தொடர்புபடுத்துவது முதல் ஆண்டில் மிஞ்சிப்போகும் பாற்புரதத்தைத்தான்.

மற்றப் பிள்ளைக்குத் தேத்தண்ணீரில் தோய்த்த பிஸ்கட். அவசரத்துக்கு உதவும், பிள்ளையும் மறுக்காது. அந்த 200 கிலோகலோரியை நாலைந்து பிஸ்கட்டே நிரப்பிவிடும். அதோடு சீனி, மா, மரக்கறி எண்ணெய். தேயிலை, உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். ஆற்றல் கணக்குச் சரி, பிள்ளைக்கு இரத்தம் காணாது. இப்படித்தான் ஒரே உடம்பில் சோகையும் கொழுப்பும் கூடிவாழ்கின்றன.

அந்தப் பிஸ்கட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று நெருங்கிக் கிடக்கும் கிழக்குக் கரையான எழுவான்கரையில் ஒழுங்கைக்கு ஒரு கடை. வயலும் மாடுமாகக் கிடக்கும் படுவான்கரையில், வவுணதீவிலும் கொக்கட்டிச்சோலையிலும் வெல்லாவெளியிலும் தூரம் அதிகம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது படகுப்பாதைக்குக் காத்துக்கிடந்த காலம் முடிந்தது. கர்ப்பிணிகள் வேளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்கிறார்கள். பிஸ்கட்டும் மால்ட்டும் ஏற்றிய வானும் அதே பாலத்தால்தான் போகிறது. பாலூறும் எருமைகள் நிற்கும் ஊரிலேயே வெளிநாட்டுப் பால்மாப் பக்கற் கடையில் தொங்குகிறது.

ஆற்றல் கணக்கில் செலவுப் பக்கமும் இருக்கிறது. பாயில் குப்புறக் கிடந்து, நீந்தி, தவழ்ந்து, திண்ணையைப் பிடித்து எழும்பும் பிள்ளையின் உடம்பு தசையைக் கட்டுகிறது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் திரையே வேண்டாம், விழித்திருக்கும்போது நாளுக்கு அரை மணித்தியாலமாவது குப்புறக் கிடந்து விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. கைபேசியைக் காட்டி வாயைத் திறக்க வைக்கும்போது இரண்டு பக்கமும் கெடுகின்றன: அசைவு நிற்கிறது, வயிறு நிறைந்தது பிள்ளைக்குத் தெரியாமல் போகிறது.

தாய் அருகில் இல்லாத வீடுகளும் உண்டு. மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்கு 2013இல் வந்த விதி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாயைத் தடுத்தது. நெருக்கடி வந்த 2022இல் அந்த எல்லை இரண்டு வயதாகக் குறைந்தது. கடனில் மூழ்கிய வீட்டுக்கு அது ஒரு கதவு என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு, எதை, எப்போது என்று தீர்மானிப்பவர் அம்மம்மா. கிளினிக் நோட்டீசும் வகுப்பும் தாயை நோக்கியே எழுதப்படுகின்றன.

ஆகவே செய்ய வேண்டியதாக எனக்குத் தோன்றுவது சிறியது, செலவில்லாதது. கிளினிக்கில் நிறை பார்க்கும் நாளில் அம்மம்மாவுக்கும் ஒரு கதிரை போடட்டும். பதிவேட்டை விரித்து நிறைக்கோட்டுக்குப் பக்கத்திலே நீளக்கோட்டையும் அவர் கண்ணால் காணட்டும். பிள்ளை வாயை மூடித் தலையைத் திருப்பினால் கிண்ணத்தில் மிச்சமிருந்தாலும் கரண்டியைக் கீழே வைக்கலாம் என்று, பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கும்போதே, குடும்பநல மாது அவரிடம் சொல்லிக் காட்டட்டும். பால்சுறா வறையின் பக்குவம் தெரிந்த கை அது. மீன்சோறு மசிக்கும் பக்குவத்தை அந்தக் கைக்குப் புதிதாகப் பழக்கத் தேவையில்லை.